பலகைக்குக் காடி எடுக்கும் ரூட்டர் பிட்டுகள்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

மரச்சட்டத்தில் காடி, அதாவது நீண்ட பள்ளம், எடுத்து அதற்குள் பிளைவுட்டையோ, மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையையோ கண்ணாடியையோ பொருத்துவது தச்சுவேலையில் அன்றாடம் நடப்பது. முழு மரப்பலகை மட்டுமே புழங்கிய காலத்தில், காடி சற்று ஒடுங்கிவிட்டால் பலகையின் விளிம்பை இழைப்புளியால் சீவிக் குறைத்து நுழைத்துவிடுவார்கள். பிளைவுட்டில் அதற்கு வழியில்லை. அதன் மேலுள்ள வெனீர் என்னும் மெல்லிய மரத்தாள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இராது, சீவினால் அடுத்த அடுக்கு தெரிந்துவிடும். ஆகவே பலகைக்கு ஏற்பக் காடியைத்தான் அமைக்க வேண்டும், காடியின் அகலத்தையோ ரூட்டர் கருவியில் மாட்டிச் சுழலும் வெட்டுமுனையான பிட் முடிவு செய்கிறது. அலமாரிக் கதவு, டிராயரின் அடிப்பலகை, பீரோவின் முதுகுப்பலகை, உள்தட்டு ஆகிய வேலைகளில் நான் பயன்படுத்திப் பார்த்த பிட் வகைகளை, அவை இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு உதவுகின்றன என்ற அளவில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

பிட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் பலகையின் உண்மையான தடிமனைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் பிட் வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். 6 மி.மீ. என்று அச்சிட்டு விற்கப்படும் பிளைவுட் 6 மி.மீ. இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 303 என்னும் இந்தியத் தரநிலையே, 6 மி.மீ. முதல் மேற்பட்ட தடிமன்களுக்கு 5 விழுக்காடும், அதற்குக் குறைந்தவற்றுக்கு 10 விழுக்காடும் கூடவோ குறையவோ இடம் தருகிறது. அதாவது ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற 6 மி.மீ. பலகை 5.7 முதல் 6.3 வரை எதுவாகவும் இருக்கலாம், 4 மி.மீ. பலகை 3.6 ஆகவும் இருக்கலாம், 4.4 ஆகவும் இருக்கலாம்; 18 மி.மீ. பலகை 17.1 வரை இறங்கலாம். முத்திரை இல்லாத மலிவுப் பலகைகள் இந்த வரம்புக்கும் கீழே போவது உண்டு. இதன்மேல் சன்மைக்கா போன்ற லேமினேட் தாள் ஒட்டினால் கணக்கு இன்னொரு முறை மாறுகிறது: 6 மி.மீ. பலகையின் முன்புறம் 1 மி.மீ., பின்புறம் 0.8 மி.மீ. தாள் ஒட்டினால் 7.8 மி.மீ. ஆகிவிடும், பசையின் தடிமன் தனி. ஆகவே லேமினேட் ஒட்டி, பசை இறுகிய பிறகு, பலகையின் நான்கு விளிம்புகளிலும் தடிமன் அளக்கும் வெர்னியர் அளவியை வைத்து அளந்து, அவற்றுள் மிகத் தடித்த இடத்தின் அளவையே காடியின் அளவாகக் கொள்ள வேண்டும். பசையிட்டுப் பொருத்தும் பிளைவுட்டுக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இடைவெளி போதும். அந்த இடைவெளியில் பலகை கை அழுத்தத்துக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், விட்டால் தானாகக் கீழே விழாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ரூட்டரின் காலெட் என்னும் கவ்விக்குள் நுழையும் பிட்டின் தண்டின் விட்டம். நம் கடைகளில் 6 மி.மீ. தண்டும் 6.35 மி.மீ. தண்டும், 12 மி.மீ. தண்டும் 12.7 மி.மீ. தண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். கால் அங்குலம், அரை அங்குலம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். 6.35 மி.மீ. தண்டு 6 மி.மீ. காலெட்டுக்குள் நுழையாது என்பதால் அதில் ஆபத்தில்லை. 6 மி.மீ. தண்டை 6.35 மி.மீ. காலெட்டில் இறுக்குவதுதான் ஆபத்து. இறுகியதுபோல் தோன்றும், சுமை ஏறியதும் பிட் மெல்ல வெளியே நழுவும், காடியின் ஆழம் போகப் போகக் கூடிக்கொண்டே போகும். தண்டைக் கடையிலேயே வெர்னியரால் அளந்து வாங்குவதைத் தவிர இதற்கு மாற்று இல்லை.

எல்லோரும் முதலில் வாங்குவது 6 மி.மீ. அல்லது 6.35 மி.மீ. நேர் பிட், இரண்டு பிளேடு, நுனியில் கார்பைடு என்னும் மிகக் கடினமான வெட்டுப்பொருள். 6 மி.மீ. பலகைக்கு 6 மி.மீ. பிட் என்ற கணக்கு கேட்பதற்குச் சரியாகத் தோன்றினாலும் நடைமுறையில் அது அரிதாகவே பொருந்துகிறது. பலகை 5.7 ஆக இருக்கும்போது 6.35 மி.மீ. பிட்டால் எடுத்த காடியில் 0.65 மி.மீ. இடைவெளி விழுகிறது, கதவைச் சாத்தும்போதெல்லாம் பலகை தடதடக்கும், முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே கருங்கோடு ஒன்று தெரியும். பசையை அள்ளிப் பூசி அந்த இடைவெளியை அடைக்கிறார்கள்; மழைக்காலமும் கோடையும் மாறி மாறி வரும்போது சட்டம் அசைய, அந்தப் பசை விட்டுவிடுகிறது. பலகை 6.2 ஆக இருந்து பிட் 6 ஆக இருந்தால் காடியை அகலப்படுத்தித்தான் ஆக வேண்டும். ஆகவே இந்த ஒரு வேலைக்கென்றே பிட் வாங்குகிறவருக்கு 6.35 மி.மீ. நேர் பிட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக 4.76 மி.மீ. அல்லது 5 மி.மீ. நேர் பிட் ஒன்றை வாங்கி, காடியை இரண்டு ஓட்டமாக எடுப்பது எவ்வளவோ மேல். ரூட்டரை அடியில் பொருத்திய ரூட்டர் மேசையில், சட்டத்தின் ஒரு முகத்தை ஃபென்ஸ் என்னும் நேர்த்தடுப்பில் சாய்த்து ஒரு ஓட்டம், பிறகு சட்டத்தைத் திருப்பி மறுமுகத்தைச் சாய்த்து இன்னொரு ஓட்டம் என்று எடுத்தால் காடி தானாகவே சட்டத்தின் நட்ட நடுவில் அமைந்துவிடும். 20 மி.மீ. தடிமனுள்ள சட்டத்தில் 4.76 மி.மீ. பிட்டால் 5.8 மி.மீ. காடி வேண்டுமென்றால், பிட்டின் மையம் ஃபென்ஸிலிருந்து 10.52 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். நடுவிலிருந்து விலகும் 0.52 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்ந்து 1.04 மி.மீ. ஆகிறது. மையத்தை நடுவுக்கு அப்பால், அதாவது ஃபென்ஸைவிட்டு விலகும் பக்கமாகத் தள்ள வேண்டுமே தவிர ஃபென்ஸின் பக்கமாக நெருக்கக் கூடாது. அப்பால் தள்ளினால் இரண்டாம் ஓட்டத்தில் பிட் வெட்டுவது காடியின் வெளிச்சுவரை. மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளும்போது அங்கே பிட்டின் பல் நம் தள்ளலுக்கு எதிராகச் சுழல்கிறது, மரம் கையில் அடங்கி நிற்கிறது. நெருக்கினால் ஃபென்ஸை ஒட்டிய சுவர் வெட்டப்படும், அங்கே பல்லும் மரமும் ஒரே திசையில் போவதால் சட்டத்தைப் பிட் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்விடும். அளவு இரண்டிலும் ஒன்றேதான். கையின் பாதுகாப்பு மட்டும் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை. ஓட்டம் எடுக்கும் முன் அதே தடிமனுள்ள துண்டு மரத்தில் ஒரு காடி எடுத்து, உண்மையான பலகையின் வெட்டுத்துண்டை நுழைத்துப் பார்த்துவிட வேண்டும். வெர்னியர் சொல்லாததையும் அந்தத் துண்டு சொல்லிவிடும்.

மெல்லிய நேர் பிட் வாங்கும்போது வெட்டு நீளம் குறைவாக உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். 10 மி.மீ. ஆழக் காடிக்கு 12 அல்லது 13 மி.மீ. வெட்டு நீளம் போதும், 25 மி.மீ. நீளமுள்ள 5 மி.மீ. பிட் அதிரும், காடியின் சுவரில் அலை விழும், முடிச்சில் மோதினால் ஒடியும். ஒரே மூச்சில் 10 மி.மீ. ஆழம் இறக்காமல், பிட்டின் விட்டத்தில் பாதியளவு, அதாவது இரண்டரை மி.மீ. அளவில் படிப்படியாக இறக்க வேண்டும். இரு முனையும் மூடிய காடி எடுக்க வேண்டியிருந்தால் பிட்டின் அடிநுனியைப் பார்த்து வாங்குங்கள். பல மலிவு நேர் பிட்டுகளில் இரண்டு கார்பைடு துண்டுகளும் நடுவில் சந்திக்காமல் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளி மரத்தை வெட்டாது, தேய்க்கும், மேலிருந்து நேராக இறக்கினால் புகைந்து கருகும். நடுவில் குறுக்குப் பல் உள்ளதோ, ஒரு பிளேடு மையத்தைத் தாண்டி வருவதோதான் நேராக இறங்கும்.

சுருள் பிட்டுகளுக்கு இப்போது நல்ல பெயர் இருக்கிறது, அதற்கு அவை தகுதியானவையும்கூட. ஆனால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதை அறிந்து வாங்க வேண்டும். தூளை மேலே அள்ளித் தள்ளும் சுருள் காடியைச் சுத்தமாக வைத்திருக்கும், ஆனால் பிளைவுட்டின் மேல் வெனீரையும் கூடவே தூக்கிப் பிசிறாக்கிவிடும். கீழ்நோக்கி அழுத்தும் சுருள் மேல் விளிம்பைக் கத்தியால் கீறியதுபோல் விடும், ஆனால் தூளைக் காடிக்குள்ளேயே அடைத்துவிடும். ஆழமான காடியில் அந்தத் தூள் சூடேறிப் பிட்டின் முனையை மழுக்கும். வெனீர் ஒட்டிய பலகையின் முகத்தில் 5 அல்லது 6 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் காடி எடுக்கும் முதுகுப்பலகை வேலைக்குக் கீழ்நோக்கும் சுருளே எனக்குப் பிடித்தது. கட்டை மரச் சட்டத்துக்கு நேர் பிட்டே போதும், சுருளுக்குத் தரும் கூடுதல் விலை அங்கே வீண்.

கதவுச் சட்டக் காடிக்கு என் முதல் தேர்வு வட்டப்பல் காடி பிட். நடுத்தண்டு ஒன்று, அதில் இரண்டு அல்லது மூன்று பல் கொண்ட வட்ட வெட்டி, அதற்கு மேலோ கீழோ ஒரு பேரிங், இறுக்க ஒரு நட்டு. சட்டத்தை மேசைமேல் படுக்கவைத்துத் தள்ளினால் பக்கவாட்டில் காடி விழும். ஆழத்தைப் பேரிங் முடிவு செய்கிறது: வெட்டியின் விட்டத்திலிருந்து பேரிங்கின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் வருவதே ஆழம். 47.6 மி.மீ. விட்டமுள்ள வெட்டியும் 22.2 மி.மீ. விட்டமுள்ள பேரிங்கும் சேர்ந்தால் 12.7 மி.மீ. ஆழக் காடி; பேரிங்கைப் பெரிதாக மாற்றினால் ஆழம் குறையும். நேர் பிட்டைவிட இதில் எனக்குப் பிடித்த குணங்கள் இரண்டு. காடி எடுக்கும்போது தூள் பக்கவாட்டில் வெளியேறிவிடுவதால் கருகுவதில்லை. அகலப்படுத்த வேண்டுமென்றால் சட்டத்தை மறுமுகத்துக்குப் புரட்டி அதே உயரத்தில் மீண்டும் தள்ளினாலே போதும், மேலும் கீழுமாகத்தான் அகலம் கூடும் என்பதால் மரத்தை இழுத்துக்கொண்டு ஓடும் ஆபத்தும் எழுவதில்லை. 4 மி.மீ. தடிமனுள்ள வெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு 4 முதல் ஏறக்குறைய 8 மி.மீ. வரையுள்ள எந்தப் பலகைக்கும் இப்படிக் காடி எடுத்துவிடலாம்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். விளிம்புக்கு அருகில் மட்டுமே இது வேலை செய்யும். பலகையின் அகன்ற முகத்தில் உள்ளே தள்ளிக் காடி வேண்டுமென்றால் நேர் பிட்டுக்குத்தான் போக வேண்டும். மூடிய காடி எடுத்தால் முனை செங்குத்தாக நிற்காது; மேலே சொன்ன அளவில் முனையில் சுமார் 21 மி.மீ. நீளத்துக்குச் சரிவு விழும், அதை உளியால் எடுத்தாக வேண்டும். ஒட்டி முடித்த சட்டத்தின் உட்புறத்தில் எடுத்தால் மூலைகள் வளைவாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதை ட்ரிம்மர் என்னும் சிறிய கை ரூட்டரில் மாட்டக் கூடாது. மகிட்டா 3709 நிமிடத்துக்கு 30,000 சுற்றும், பாஷ் ஜி.கே.எஃப். 550 நிமிடத்துக்கு 33,000 சுற்றும் ஒரே வேகத்தில் சுழலும் கருவிகள். சிறிய பிட்டுகளுக்கு அவை அருமையானவை. ஆனால் 47.6 மி.மீ. வெட்டியின் பல்நுனி 33,000 சுற்றில் நொடிக்கு 82 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த விட்டத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 18,000 சுற்றில் அது 45 மீட்டர்தான். வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள பெரிய ரூட்டர், அதுவும் மேசைக்கு அடியில் பொருத்தியது இல்லாதவர்கள் இந்த வகையை விட்டுவிடுவதே நல்லது.

இதே வகையில் ஒரு படி மேலானது அகலத்தை மாற்றக்கூடிய இரட்டை வெட்டித் தொகுதி. ஒரே தண்டில் இரண்டு வட்ட வெட்டிகள் அடுத்தடுத்து நிற்கும், இரண்டின் பற்களும் ஒன்றோடொன்று மோதாமல் கோணம் மாறி நிற்கும், நடுவே மெல்லிய வளையங்களைச் செருகி அகலத்தைக் கூட்டலாம். 0.1 மி.மீ. வளையம் ஒன்றைச் சேர்ப்பதற்கும் எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கையிலேயே உணரலாம்: வளையம் இல்லாதபோது சுத்தியால் தட்டித்தான் இறங்கிய பலகை, வளையம் சேர்த்ததும் விரலால் அழுத்த இறங்குகிறது. ஒரே ஓட்டத்தில் காடி முடிந்துவிடுவதால் நிறையக் கதவுகள் செய்கிறவர்களுக்கு இதன் விலை திரும்பி வந்துவிடும். வாங்கும்போது இரண்டைக் கேட்டு அறியுங்கள். வளையமே இல்லாதபோது அதன் மிகக் குறைந்த அகலம் என்ன என்பது முதலாவது, அது 5.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் நம் மெல்லிய பலகைகளுக்கு உதவாது. எவ்வளவு வளையம் வரை சேர்க்கலாம் என்பது இரண்டாவது. அளவு மீறினால் இரண்டு வெட்டிகளுக்கும் நடுவே வெட்டுப்படாத மெல்லிய முகடு ஒன்று காடியின் நடுவில் நின்றுவிடும். வளையத்தில் ஒட்டிய மரத்தூள் ஒரு துகள் இருந்தாலும் அளவு மாறிவிடும் என்பதால் மாட்டும்போதெல்லாம் துணியால் துடைத்து மாட்ட வேண்டும்.

சட்டத்தின் அலங்கார விளிம்பையும் காடியையும் சேர்த்து வெட்டும் இணைப் பிட்டுகளின் காடி பெரும்பாலும் 6.35 மி.மீ. என்று நிலையாக இருக்கும். 4 மி.மீ. பலகைக்கு இருபுறமும் 1 மி.மீ. தாள் ஒட்டுகிறவர்களுக்குப் பசையின் தடிமனும் சேர்வதால் அது ஏறத்தாழப் பொருந்திவிடும், வெறும் 6 மி.மீ. பலகைக்குப் பொருந்தாது.

தட்டுகளுக்கான 18 மி.மீ. காடி வேறு கதை. அமெரிக்கச் சந்தைக்காக 23/32 அங்குலம், அதாவது 18.26 மி.மீ. அகலத்தில் பிளைவுட் பிட்டுகள் என்றே தனியாக விற்கிறார்கள். அங்கு முக்கால் அங்குலம் என்று அழைக்கப்படும் பலகையின் உண்மையான தடிமன் அதை ஒட்டி இருப்பதால் அங்கே அவை பொருந்துகின்றன. இங்கே 17.4 ஆகவும் 17.8 ஆகவும் வரும் பலகைக்கு அவற்றை இணையத்தில் வரவழைத்து வாங்குவதில் பொருளில்லை. இந்த வேலைக்கு நான் முழு மனத்தோடு பரிந்துரைப்பது, பேரிங் மேற்புறத்தில் உள்ள 12.7 மி.மீ. குட்டை நேர் பிட். தட்டாகப் போகும் பலகையின் துண்டையே நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் 12 மி.மீ. தடிமனுள்ள நேர்ச்சட்டங்களை நெருக்கிப் பிடித்து, துண்டை எடுத்துவிட்டு, இரு சட்டங்களையும் பேரிங் உரசும்படி இரண்டு ஓட்டம் எடுத்தால் காடியின் அகலம் பலகையின் தடிமனாகவே அமைந்துவிடும், அளவே எடுக்க வேண்டாம். பிட்டின் வெட்டு நீளம் 12 மி.மீ. அளவிலேயே இருக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 25 மி.மீ. நீளமுள்ளதை வாங்கினால், 6 மி.மீ. ஆழக் காடியில் பேரிங் 19 மி.மீ. உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். சட்டத்தைத் தொட வேண்டிய இடத்தில் பிளேடு நின்று சட்டத்தையே வெட்டும்.

எந்த வகையானாலும் நுனி கார்பைடாக இருப்பது கட்டாயம். தேக்கில் உள்ள சிலிக்காவும் பிளைவுட், எம்.டி.எஃப். ஆகியவற்றில் உள்ள பிசினும் எச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகுப் பிட்டை விரைவில் மழுக்கிவிடும். பன்னிரண்டு, பதினைந்து பிட்டுகளை ஒரு மரப்பெட்டியில் வைத்துச் சில நூறு ரூபாய்க்கு விற்கும் தொகுதிகளிலும் கார்பைடு நுனிதான் என்று எழுதியிருக்கும். நான் வாங்கிப் பார்த்த ஒன்றில் இரண்டு பிளேடுகளுள் ஒன்று மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளியே துருத்தி நின்றது, வெட்டிய காடி பிட்டின் விட்டத்தைவிட அகலமாக வந்தது. விளிம்பு உருட்ட, முனை மழுக்க என்று அளவு முக்கியமல்லாத வேலைகளுக்கு அவை போதும், காடிக்குப் போதாது. இத்தாலியின் சி.எம்.டி., ஃபிராய்ட் ஆகிய நிறுவனங்களின் பிட்டுகளில் கார்பைடு தடிமனாக இருப்பதால் மீண்டும் மீண்டும் சாணை பிடிக்க முடிகிறது, வெட்டிய சுவரும் உப்புத்தாள் கேட்காத அளவுக்கு மழமழப்பாக இருக்கிறது. நேர் பிட்டைச் சாணை பிடித்தால் அதன் விட்டம் சற்றுக் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பலகைக்கு நேர் அளவாகப் பிட் வைத்திருப்பவருக்கு அது இழப்பு, இரண்டு ஓட்டத்தில் எடுப்பவருக்கு ஃபென்ஸை ஒரு மயிரிழை நகர்த்தும் வேலை.

கண்ணாடிக்கும் அக்ரிலிக்குக்கும் காடி எடுப்பவர்கள் மேலே சொன்ன இறுக்கத்தைப் பின்பற்றக் கூடாது. கண்ணாடியின் தடிமன் பிளைவுட்டைவிட ஒழுங்கானது, 4 அல்லது 5 மி.மீ. கண்ணாடியில் வேறுபாடு 0.2 மி.மீ. அளவில்தான் இருக்கும், ஆனால் இறுக்கமான காடியில் சட்டம் சிறிது முறுக்கினாலும் கண்ணாடி விரிசல் விடும் என்பதால், தடிமனைவிட 1 மி.மீ. அகலமாக எடுத்துச் சிலிக்கான் இட வேண்டும். 5 மி.மீ. கண்ணாடிக்கு அந்த 6 மி.மீ. நேர் பிட் அப்படியே பொருந்துகிறது. கைவசம் ஒன்று ஏற்கெனவே கிடந்தால் அதன் இடம் அதுதான். வார்ப்பு அக்ரிலிக்கில் ஒரே தாளின் இரண்டு மூலைகளுக்கு இடையிலேயே தடிமன் நன்றாக மாறுவதால், வெட்டி எடுத்த ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அளந்துவிட்டுத்தான் காடி எடுக்க வேண்டும். வெயிலில் அது நீளவும் செய்யும். ஆகவே காடியின் ஆழத்தில் ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. வெற்றிடம் விட்டுவிட வேண்டும்.